பழைய டிவிடியைப் போடும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

எங்கள் வீட்டு மர பீரோவின் கீழ்த்தட்டில் 210 படங்கள் இருக்கின்றன. பாதி விசிடி, மீதி டிவிடி. கல்லூரி நாட்களில் மதுரை டவுன்ஹால் ரோட்டில் பேரம் பேசி வாங்கியவை, வேலைக்குப் போனதும் முதல் சம்பளத்தில் வாங்கியவை, யாரிடமோ இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காமல் போனவை என்று எல்லாம் கலந்துதான் கிடக்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன் வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோது, "இதையெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுரலாமா" என்று வீட்டில் கேட்டார்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்றிலிருந்து முடிந்த வாரங்களில் ஒன்று என்று பார்த்து 60 படம் தாண்டியாயிற்று. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தட்டு இருந்தால், அதை மறுபடி பார்த்து எடை போடுவதற்கு எனக்குக் கைகொடுத்த வழிகளைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். படம் பார்த்தபின் எழுதத்தான் எல்லோரும் நோட்டு வைத்துக்கொள்வார்கள். நான் சொல்வது பார்ப்பதற்கு முன்னால் எழுத. டிஸ்க்கைக் கையில் எடுத்ததும், உறையைத் திருப்பிப் படிக்காமல், பத்து நிமிடம் உட்கார்ந்து ஞாபகத்தில் இருப்பதை எழுதுங்கள்: படம் எப்படி முடிகிறது, கண்ணில் நிற்கும் காட்சி எது, யாரோடு எங்கே பார்த்தீர்கள், அப்புறம் இந்தப் படத்தைப் பற்றி இத்தனை வருடமாக மற்றவர்களிடம் நீங்கள் சொல்லி வரும் அந்த ஒரு வரி. நம் எல்லோரிடமும் ஒவ்வொரு படத்துக்கும் அப்படி ஒரு வரி இருக்கும், யார் கேட்டாலும் யோசிக்காமல் அதையே எடுத்து விடுவோம். மறுபடி பார்க்கும்போது சோதிக்க வேண்டியது அந்த வரியைத்தான். இதைச் செய்யாமல் படத்தைப் போட்டால், ஓட ஓட ஞாபகம் தன்னைத் திருத்திக்கொண்டே வரும், கடைசியில் "நான் அப்பவே இப்படித்தான் நினைச்சேன்" என்று நமக்கே தோன்றிவிடும்.

என் அனுபவத்தில் ஒன்று. 'சுப்ரமணியபுரம்' பற்றி என் வரி "நட்பையும் துரோகத்தையும் பற்றின படம்". 2008-ல் வந்தபோது தியேட்டரில் இரண்டு முறை பார்த்தேன், அப்புறம் டிவிடியில் துண்டு துண்டாகப் பலமுறை. போன வருடம் நோட்டில் அந்த வரியை எழுதிவைத்துவிட்டு, அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து முழுசாகப் பார்த்தேன். கதை நடக்கும் 1980-ல் அம்மாவுக்கு இருபது வயது, அப்போதும் மதுரைதான். 'முரட்டுக்காளை' படம் ஓடும் தியேட்டர் காட்சி வந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் அவர் அதிகம் பேசியது அந்தப் பையன்கள் வேலை இல்லாமல் தெருவில் உட்கார்ந்திருக்கும் இடங்களில். "எங்க தெருவுலயும் இப்படித்தான் உக்காந்திருப்பானுங்க. யாராவது ஒரு பெரிய மனுசன் வந்து ஒரு வேலையைச் சொல்ல மாட்டானான்னு பாத்துக்கிட்டே இருப்பானுங்க" என்றார். அதைக் கேட்டபின் படம் எனக்கு வேறாகத் தெரிந்தது. கட்சிப் பதவிக்காக ஒரு குடும்பம் வேலையற்ற பையன்களை எப்படி வளைக்கிறது, காரியம் முடிந்ததும் எப்படிக் கைகழுவுகிறது என்பதுதான் படத்தின் முதுகெலும்பு, காதலும் துரோகமும் அதன் மேல்தான் நிற்கின்றன. என் பழைய வரியை அடித்துவிட்டு இதைத் தேதி போட்டு எழுதினேன். பழையதை அழிக்காதீர்கள், ஒரு கோடு போதும், கீழே என்ன இருந்தது என்று தெரிய வேண்டும்.

எந்தப் படத்தில் தொடங்குவது? உயிராக நேசிக்கும் படத்தில் தொடங்க வேண்டாம். வசனம் மனப்பாடமாக இருக்கும் படத்தை நாம் பார்ப்பதே இல்லை, அது ஓட ஓட நாம் கூடவே ஒப்பிக்கிறோம். ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு உறுதியாகத் தீர்ப்புச் சொன்னவற்றை முதலில் எடுங்கள், "தாங்காது" என்று நீங்கள் ஒதுக்கியவையும் அதில் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். வாரம் ஒன்று என்றால் 210 படத்துக்கு நான்கு வருடம் ஆகும், ஆகட்டும். ஊர் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்ட படங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்தபோது ஓடவில்லை, இன்று அதைக் கொண்டாடாதவர் குறைவு. ஊர் மாறிவிட்டது என்பதற்காக உங்கள் நோட்டும் மாற வேண்டியதில்லை. அன்று பிடித்திருந்தால் அன்று பிடித்தது என்று எழுதுங்கள், இன்றும் பிடிக்கவில்லை என்றால் அதையும் தைரியமாக எழுதுங்கள்.

இனி டிஸ்க். இங்கே அடிக்கும் வெயிலுக்கும் புழுதிக்கும் பத்துப் பதினைந்து வருடம் தாங்கியதே பெரிய விஷயம். பழைய பருத்தி வேட்டித் துணியைக் கொஞ்சம் ஈரமாக்கி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும், அப்புறம் பிளேயரால் அதைத் தாண்டிப் படிக்க முடியாது. விசிடியில் பதிவு இருப்பது படம் அச்சடித்த மேல்பக்கத்துக்கு மிக அருகில், அதனால் பளபளக்கும் பக்கத்தை மட்டும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு மேல்பக்கத்தை நகத்தால் சுரண்டினால் போச்சு. ஓடுகிற டிஸ்க்கை முதல் வேலையாக ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுங்கள், முடிந்தால் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில். நான் வாங்கிய ஒரு டிவிடி எப்போது போட்டாலும் கிளைமாக்ஸில் உறைந்து நிற்கும், விற்ற கடையில் மாற்றித் தரவே இல்லை. அந்தப் படத்தின் முடிவைப் பற்றி எட்டு வருடம் நான் பேசியதெல்லாம் நண்பன் சொன்ன கதையை வைத்துத்தான் என்பது நோட்டில் எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

இதோடு சேர்ந்தது இன்னொன்று: உங்களிடம் இருப்பது முழுப் படம்தானா? பாட்டையும் காமெடியையும் வெட்டிய டிஸ்க்குகள் நிறைய உண்டு. படம் தொடங்கும்போது சென்சார் சான்றிதழ் வருமே, அதை நிறுத்திப் பாருங்கள். பிலிம் காலத்துப் படங்களுக்கு அதில் நீளம் மீட்டரில் இருக்கும். 35 எம்எம் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், அதாவது ஏறக்குறைய 27.4 மீட்டர். மீட்டரை 27.4-ஆல் வகுத்தால் நிமிடம் கிடைத்துவிடும். 4110 மீட்டர் என்று போட்டிருந்தால் 150 நிமிடம். உங்கள் டிஸ்க் 131 நிமிடம்தான் ஓடுகிறது என்றால் எங்கேயோ கத்தரி விழுந்திருக்கிறது, "இரண்டாம் பாதி தொடர்பில்லாமல் இருக்கு" என்று இயக்குநரைக் குறை சொல்லும் முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள். 'பால்' (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடியாக இருந்தால் மட்டும் ஐந்தாறு நிமிடக் குறைவுக்குப் பயப்பட வேண்டாம். நொடிக்கு 24 பிரேம் ஓட வேண்டிய படம் அதில் 25 ஓடுகிறது, 150 நிமிடப் படம் 144-ல் முடிந்துவிடும், குரலும் பாட்டும் ஒரு துளி கீச்சென்று இருக்கும்.

விசிடியில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். ஒரு டிஸ்க்கில் ஒண்ணேகால் மணி நேரம்தான் பிடிக்கும் என்பதால் படம் இரண்டு மூன்று துண்டாக வரும். டிஸ்க் மாற்ற எழுந்த இடம்தான் என் மனதில் பல படங்களுக்கு இடைவேளை. உண்மையான இடைவேளை எங்கே விழுகிறது என்று பார்த்தாலே திரைக்கதை வேறு மாதிரி தெரியும்.

டிவியிலும் இரண்டு மாற்றம் செய்யுங்கள். புது டிவிகளில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதி ஒன்று தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், அதை அணைக்காவிட்டால் எந்தப் படமும் சீரியல் மாதிரிதான் இருக்கும். பழைய சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுக்கவும் கூடாது. பக்கத்தில் கறுப்பாக இருக்கட்டும், முகம் முகமாக இருப்பதுதான் முக்கியம். சித்திரைத் திருவிழா சமயத்தில் இந்த வேலையே வேண்டாம், தெருவெல்லாம் ஸ்பீக்கர் அலறும். எனக்கு ஒத்து வருவது ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி, தெருவே கண்ணயரும் நேரம்.

பார்க்கும் முறைக்கு வருவோம். முதல் ஓட்டத்தில் நிறுத்தாமல் பாருங்கள், குறிப்பு எடுக்காதீர்கள், போனை அடுத்த அறையில் வையுங்கள். இதற்கு ஒரே ஒரு விலக்கு 'விருமாண்டி'. ஒரே சம்பவங்களைச் சிறையிலிருந்து முதலில் கொத்தாளத் தேவர் சொல்வார், அப்புறம் விருமாண்டி சொல்வார். முதல் ஆள் முடித்ததும் நிறுத்தி, யாரை நம்புகிறேன், ஏன் நம்புகிறேன் என்று எழுதுங்கள். இரண்டாவது ஆளை நாம் நம்புவது அவர் கடைசியில் பேசுவதாலா, நாயகன் என்பதாலா, காட்சியே அப்படி எடுக்கப்பட்டிருப்பதாலா என்று பக்கம் பக்கமாக எழுத வரும். 2004-ல் தியேட்டரில் பார்த்தபோது இந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை.

இரண்டாவது ஓட்டம் பிடித்த படத்துக்கு மட்டும் போதும். அதில் ஏதாவது ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'ஆடுகளம்' படத்தை நான் குரலுக்காகப் பார்த்தேன். பேட்டைக்காரராக நடித்த ஜெயபாலனுக்குக் குரல் ராதாரவி, கிஷோருக்குச் சமுத்திரக்கனி, டாப்ஸிக்கு ஆண்ட்ரியா. தெரிந்த செய்திதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இருபது நிமிடம் கேட்டால் தெரியும், உடம்பு ஒருவருடையது குரல் இன்னொருவருடையது என்று மனம் பிரிக்கவே மாட்டேன் என்கிறது. பேட்டைக்காரரின் பொறாமை வார்த்தைகளில் வருவதற்கு முன்பே குரல் கொஞ்சம் இறங்குவதையும், அதே நேரம் முகம் அசையாமல் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தபோது, இருவர் சேர்ந்து உருவாக்கிய ஒரே மனிதர் என்றுதான் எழுதத் தோன்றியது.

உங்கள் வயதில் இல்லாத ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள், இது கண்டிப்பாக வேண்டும். தொண்ணூறுகளில் நான் கொண்டாடிய ஒரு காதல் படத்தைப் பதினேழு வயது மகளோடு பார்த்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல, அவகிட்ட யாரும் கேக்கவே இல்லையேப்பா" என்றாள். பதில் சொல்ல வரவில்லை. பாட்டு இன்றும் அருமைதான், ஒளிப்பதிவும் அருமைதான், ஆனால் அவன் பின்னாலேயே அலைவதைக் காதல் என்று நான் நம்பியதை நோட்டில் எழுதி வைத்தேன். அதற்காக அந்தப் படத்தை வீசவில்லை, என்னிடம்தான் இருக்கிறது.

கூட்டத்தின் மதிப்பெண்ணையும் கழித்துப் பாருங்கள். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டரில் ஒரே காட்சியை 2500 பேருக்கு மேல் பார்க்க முடிந்தது. அப்பா அங்கே பார்த்த படங்களைப் பற்றிச் சொல்வதில் பாதி, கைதட்டலும் விசிலும்தான். எந்தப் படம் வீட்டில் தனியாகப் பார்க்கும்போதும் நிற்கிறது, எதற்குக் கூட்டம் வேண்டும் என்று தனித்தனியாக எழுதுங்கள். கூட்டம் வேண்டிய படம் மட்டம் என்று அர்த்தமில்லை, அதை நாலு பேரைக் கூப்பிட்டு வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முடித்ததும் பழைய வரி, புது வரி, தேதி, கூட யார் இருந்தார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டிவிடி பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். நட்சத்திர மதிப்பெண் போடாதீர்கள், ஐந்து வருடம் கழித்து மூன்றரை என்றால் என்னவென்று உங்களுக்கே விளங்காது. வேண்டாம் என்று முடிவானதை முதலில் நண்பர்களிடம் கேளுங்கள், நீங்கள் ஒதுக்கியது ஒருவர் பல நாளாகத் தேடுவதாக இருக்கலாம். ஓடவே ஓடாதவற்றை நான் அலங்காநல்லூர் பக்கம் பெரியப்பாவின் கொய்யாத் தோப்புக்குக் கொடுத்துவிட்டேன். கிளைக்கு இரண்டாக நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், காற்றுக்குச் சுழன்று பளிச்சிடுவதில் கிளிகள் கொஞ்சம் விலகித்தான் போகின்றன.