சாக்ஸபோனில் தொனியைச் செம்மைப்படுத்தும் வாயமைப்புப் பயிற்சிகள்

சாக்ஸபோன் கற்கத் தொடங்கி ஓராண்டு கடந்த பலருக்கு ஒரே குறை இருக்கிறது. விரல்கள் பழகிவிட்டன, ஆனால் தொனி வளரவில்லை. மேலே போனால் ஒலி மெலிந்து கீச்சிடுகிறது, கீழே வந்தால் கரகரக்கிறது அல்லது வரவே மறுக்கிறது, நடுவில் உள்ள சில சுரங்கள் துணியால் பொத்தியதைப் போல அடைபட்டு ஒலிக்கின்றன. இந்த நிலையில் பெரும்பாலோர் முதலில் ரீட்டை (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய பட்டையை) மாற்றுகிறார்கள், பிறகு மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் முனையை) மாற்றுகிறார்கள், கடைசியில் வாத்தியத்தின் மீதே சந்தேகப்படுகிறார்கள். நான் கேட்டறிந்தவரையில் கோளாறு பெரும்பாலும் அங்கெல்லாம் இல்லை. கீழ்த்தாடை ரீட்டைக் கடித்துக்கொண்டிருப்பதே காரணம். எம்பஷர் எனப்படும் வாயமைப்புக்குரிய பயிற்சிகள் பல இருந்தாலும், கீழே சொல்லப்படுபவை அனைத்தும் ரீட்டைக் கடிக்காமல் பிடிக்கக் கற்றுக்கொள்வது என்ற ஒரே நோக்கம் கொண்டவை.

கடிப்பதால் என்ன நேர்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. ரீட்டின் அடிப்பகுதி மவுத்பீஸோடு இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. நுனி மட்டுமே அசைகிறது. ஆல்டோ என்னும் வகைச் சாக்ஸபோனில் ரீட்டின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் இடையே உள்ள திறப்பு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலம்தான். அவ்வளவு சிறிய இடைவெளியில் ரீட் ஒரு வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடித்தான் ஒலி பிறக்கிறது. தாடை கீழிருந்து அழுத்தும்போது அந்தத் திறப்பு மேலும் குறுகி, ரீட்டின் அசைவு சுருங்கி, ஒலி மெலிகிறது, சுருதியும் ஏறிவிடுகிறது. ஏறிய சுருதியைச் சரிசெய்ய மவுத்பீஸை நெக் எனப்படும் மேல் வளைகுழாயிலிருந்து வெளியே இழுப்பார்கள். அதனால் சுரங்களுக்கிடையேயான பொருத்தம் கெட்டு, ஒரு தவறை மறைக்க இன்னொரு தவறு சேர்ந்துவிடும்.

வாயை அமைக்கும் முறை

தமிழ் எழுத்துகளின் பிறப்பை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்குவது எளிது. ‘வ’ என்னும் எழுத்து மேற்பல்லும் கீழுதடும் பொருந்தப் பிறக்கிறது. கீழுதட்டை மேற்பல்லின்மேல் இலேசாக வைத்து, ‘வ்’ என்று நீட்டி ஒலித்துப் பாருங்கள்; கீழுதட்டில் ஒரு மெல்லிய அதிர்வு தெரியும், மோவாய் சுருங்காமல் தட்டையாக இருக்கும். ரீட்டுக்கு மெத்தையாக அமைய வேண்டியது அந்த உதடுதான். அடுத்து, இதழ் குவிந்து பிறக்கும் ‘ஊ’ என்னும் உயிரை ஒலியுங்கள். இரு கடைவாய்களும் நடுவை நோக்கி வந்து சேர்வதை உணரலாம். கீழுதடு ‘வ’ போலவும் கடைவாய்கள் ‘ஊ’ போலவும் அமைய, மேற்பற்கள் மவுத்பீஸின் மேற்புறத்தில் தலையின் எடை அளவுக்கு மட்டும் அமர்ந்திருந்தால் வாயமைப்பு ஏறக்குறைய முடிந்தது. ரப்பர் வளையம் ஒன்று மவுத்பீஸை எல்லாப் பக்கமும் சமமாகச் சுற்றிப் பிடிப்பதைப் போல உதடுகள் பிடிக்க வேண்டும். சிரிப்பதைப் போலக் கடைவாய்களைப் பின்னுக்கு இழுப்பது இதற்கு நேர் எதிரானது. அப்படி இழுத்தால் கீழுதடு மெலிந்து, பல்லின் கூர்மை நேராக ரீட்டில் பதிகிறது.

மவுத்பீஸை எவ்வளவு உள்ளே எடுப்பது என்பதற்கு ஒரு சிறு சோதனை உண்டு. ரீட் கட்டிய மவுத்பீஸின் நுனியில், ரீட்டுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய தாள் துண்டை மெதுவாகச் செருகுங்கள். அது எந்த இடத்தில் தானாக நிற்கிறதோ அங்கேதான் ரீட் மவுத்பீஸை விட்டுப் பிரியத் தொடங்குகிறது. கீழுதடு ரீட்டைத் தாங்க வேண்டிய இடம் ஏறக்குறைய அதுவே. அதைவிடக் குறைவாக எடுத்தால் ஒலி அடைபடும். மிக அதிகமாக எடுத்தால் கட்டுப்பாடின்றிக் கீச்சிடும். கழுத்துப் பட்டையின் உயரத்தையும் கவனியுங்கள்: தலையை நிமிர்த்தி வைத்திருக்கும்போது மவுத்பீஸ் தானாக வாய்க்கு வந்து சேர வேண்டும். தலை குனிந்து அதைத் தேடிச் சென்றால் தாடை கட்டாயம் இறுகும்.

மவுத்பீஸை மட்டும் ஊதுதல்

எல்லாப் பயிற்சிகளிலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் வாத்தியத்தின் உடல் நம் பிழைகளை ஓரளவு மறைத்துவிடுகிறது. மவுத்பீஸ் எதையும் மறைப்பதில்லை. மவுத்பீஸை நெக்கிலிருந்து கழற்றி, வழக்கமான வாயமைப்போடு நடுத்தர வலிமையில் ஊதி, எழும் சுருதியை டியூனரில் பாருங்கள். ஆல்டோவுக்கு அது 880 ஹெர்ட்ஸ் உள்ள ஏ, டெனருக்கு ஏறத்தாழ 784 ஹெர்ட்ஸ் உள்ள ஜி, சொப்ரானோவுக்கு ஏறத்தாழ 1047 ஹெர்ட்ஸ் உள்ள சி, பாரிடோனுக்கு ஏறத்தாழ 587 ஹெர்ட்ஸ் உள்ள டி என்று செவ்வியல் மரபு ஆசிரியர்கள் வைத்திருக்கிறார்கள். ஜாஸ் வாசிப்பவர்கள் இதைவிடச் சில சுரங்கள் தாழ்வாகவே ஊதுவது வழக்கம். இவை பியானோவும் டியூனரும் காட்டும் பெயர்கள்; சாக்ஸபோனுக்கான இசைத்தாளில் எழுதப்படும் பெயர்கள் அல்ல. உங்கள் சுருதி இந்த அளவுக்கு மேலே நின்றால், நீங்கள் கடிக்கிறீர்கள் என்பதில் ஐயமில்லை. தாடையைத் தளர்த்தி, கடைவாய்களை மட்டும் உறுதியாக வைத்து, சுருதி இறங்கும்வரை பொறுமையாக முயலுங்கள்.

சுருதி கைவந்தபின் அதை 10 வினாடி அசையாமல் நிறுத்துங்கள். பிறகு அதே சுருதியில் மெல்லத் தொடங்கி, வலிமையாக்கி, மீண்டும் மெல்லக் குறையுங்கள். இதுவும் நிலைபெற்ற பிறகு, அந்தச் சுருதியிலிருந்து வழுக்கிக்கொண்டு கீழே இறங்கி மீண்டும் மேலே ஏறுங்கள். முதலில் இரண்டு சுரங்கள் இறங்கினால் போதும். சில வாரங்களில் நான்கைந்து சுரங்கள் இறங்க முடியும். இறக்கத்தைத் தாடையால் செய்யாமல், ‘ஈ’ என்ற நிலையிலிருந்து ‘ஓ’ என்ற நிலைக்கு நாக்கையும் தொண்டையையும் நகர்த்திச் செய்ய முயல வேண்டும். இந்த ஒலி கேட்பதற்கு இனிமையானது அல்ல, எனவே 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

அதன்பின் நெக்கைப் பொருத்தி இரண்டையும் சேர்த்து ஊதுங்கள். ஆல்டோவில் ஏறத்தாழ 415 ஹெர்ட்ஸ் உள்ள ஏ ஃபிளாட்டும், டெனரில் ஏறத்தாழ 330 ஹெர்ட்ஸ் உள்ள இ-யும் வர வேண்டும்.

கார்வைப் பயிற்சி

ஒரே சுரத்தை நீட்டிப் பிடிப்பது எல்லோரும் அறிந்த பயிற்சிதான். ஆனால் கவனமின்றிச் செய்தால் அது பழைய தவறையே உறுதிப்படுத்தும். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, சுலபமாக ஒலிக்கும் ஜி அல்லது பி சுரத்தில் தொடங்குங்கள் (இங்கிருந்து வரும் சுரப் பெயர்கள் சாக்ஸபோனுக்கான இசைத்தாளில் எழுதப்படுபவை). 8 எண்ணிக்கையில் ஒலியை வளர்த்து, 8 எண்ணிக்கையில் குறைத்து முடிக்க வேண்டும். ஒரு சுரம் முடிந்ததும் அரைச் சுரம் கீழே இறங்கி அதையே செய்யுங்கள்.

சாக்ஸபோனில் வலிமையாக ஊதும்போது சுருதி சற்று இறங்கும், மெல்ல ஊதும்போது ஏறும். எனவே ஒலி குறைந்துகொண்டே வரும் கடைசி நான்கு எண்ணிக்கைகள்தான் இந்தப் பயிற்சியின் உயிர். ரீட் அணைந்துவிடுமோ என்ற அச்சத்தில் தாடை தானாக இறுகுவது அங்கேதான். டியூனரின் முள் மேலே ஏறுவதைப் பார்த்தால் அது விளங்கும். அந்த இடத்தில் தாடையை விட்டுவிட்டு, கடைவாய்களை நடுவை நோக்கி இன்னும் சற்றுச் சேர்த்து, வயிற்றுத் தசைகளின் தாங்கலால் காற்றின் வேகம் குறையாமல், அளவு மட்டும் குறையும்படி விட வேண்டும். தொடக்கத்தில் ஒலி அணைந்துபோகத்தான் செய்யும். கடித்து உயிரோடு வைத்திருப்பதைவிட, தளர்வாக இருந்து அணைய விடுவது மேலானது, ஏனெனில் அணையும் எல்லை நாளுக்கு நாள் தள்ளிப்போகும். டியூனரை எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். அடிச்சுருதி ஒன்றைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டு அதோடு சேர்ந்து ஊதினால், காது தானே தாடையைத் திருத்தும்.

சுரத்தை ஒரு ஸ்தாயி உயர்த்தும் ஆக்டேவ் கீயுடன் வாசிக்கும் டி சுரம் பெரும்பாலான சாக்ஸபோன்களில் ஏறியும் அடைபட்டும் ஒலிக்கும். விரல்களை எல்லாம் எடுத்துவிட்டு வாசிக்கும் சி ஷார்ப் மெலிந்து இறங்கி ஒலிக்கும். இது வாத்தியத்தின் இயல்பு. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நீட்டி, ஒன்றின் தொனியை மற்றொன்றுக்குக் கொண்டுவர முயல்வது மிகுந்த பலன் தரும்.

கடிப்பதைக் கண்டுபிடிக்கும் சோதனை

ஆக்டேவ் கீயுடன் ஏ சுரத்தை நீட்டி ஊதிக்கொண்டே, வாயிலும் காற்றிலும் எதையும் மாற்றாமல் அந்தக் கீயை மட்டும் விடுங்கள். வாயமைப்பு தளர்வாக இருந்தால் சுரம் உடனே கீழ் ஏ-க்கு விழும். மேலேயே தொங்கிக்கொண்டிருந்தால், அல்லது தயங்கித் தடுமாறி விழுந்தால், தாடையோ தொண்டையோ இறுகியிருக்கிறது. மீண்டும் மீண்டும் செய்து, சுரம் உடனே விழும் நிலை எதுவென்று கண்டறியுங்கள்.

கடிக்கும் வழக்கம் ஊறிப்போனவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மேலுதட்டையும் மேற்பற்களின் மேல் மடித்து, பற்கள் மவுத்பீஸில் நேராகப் படாதபடி ஊதிப் பாருங்கள். கடித்தால் மேலுதடு வலிக்கும், அதனால் தாடை வேறு வழியின்றித் தளரும்; அதுவரை சும்மா இருந்த கடைவாய்கள் தம் வேலையை எடுத்துக்கொள்ளும். 2 நிமிடம் இப்படி ஊதிவிட்டு, உடனே வழக்கமான அமைப்புக்குத் திரும்பி அதே சுரத்தை ஊதினால், தொனி அகலமாவதை முதல் நாளிலேயே கேட்கலாம். இதை மருந்தைப் போல அளவோடு பயன்படுத்த வேண்டும். சில நிமிடங்களிலேயே உதடு களைத்துவிடும்.

மேற்சுரங்கள்

சாக்ஸபோனின் மிகக் கீழான பி ஃபிளாட்டுக்குரிய விரல் அமைப்பை வைத்துக்கொண்டு, விரல்களை அசைக்காமலே அதற்கு மேலுள்ள ஓவர்டோன்கள் எனப்படும் மேற்சுரங்களை எழுப்புவதே இந்தப் பயிற்சி. அடிச்சுரத்தின் அதிர்வெண்ணை 1 என்று கொண்டால், 2 மடங்கில் மேல் பி ஃபிளாட்டும், 3 மடங்கில் எஃப்-உம், 4 மடங்கில் அடுத்த பி ஃபிளாட்டும், 5 மடங்கில் டி-யும் கிடைக்கின்றன. தொடங்கும் முன் வாத்தியத்தின் துளைகளை மூடும் பேடுகள் சரியாக மூடுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். காற்று கசியும் வாத்தியத்தில் கீழ் பி ஃபிளாட்டே ஒழுங்காக வராது, அந்தக் குற்றத்தை உங்கள் வாய்மீது சுமத்திக்கொள்வீர்கள்.

முதலில் எஃப் சுரத்தை அதன் இயல்பான விரல் அமைப்பில், ஆக்டேவ் கீயுடன் ஊதி, அதைக் காதில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஊதுவதற்கு முன் மனத்துக்குள் பாடிக்கொள்வதும் உதவும். பிறகு கீழ் பி ஃபிளாட்டுக்கு விரல்களை மாற்றி அதே எஃப்-ஐ எழுப்ப முயலுங்கள். இரண்டும் ஒரே தொனியில் ஒலிக்கும்வரை மாறி மாறி ஊத வேண்டும். தாடையால் கடித்தும் மேற்சுரத்தை எழுப்பலாம், ஆனால் அந்த ஒலி மெலிந்து நடுங்கும். நாக்கின் நடுப்பகுதி உயர்ந்து காற்றைச் செலுத்தும்போது எழும் ஒலி திரண்டு நிற்கும். இந்த வேறுபாட்டைக் காது கற்றுக்கொள்வதே பயிற்சியின் பயன். முதல் இரண்டு மேற்சுரங்களுக்கே பல வாரங்கள் ஆகலாம், அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை.

அளவும் அறிகுறிகளும்

இவை அனைத்துக்கும் நாளொன்றுக்கு 20 நிமிடம் போதும். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் செய்வதைவிட அது மேலானது. பயிற்சிக்குப் பின் கடைவாய்த் தசைகள் களைத்திருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். கீழுதட்டின் உட்புறத்தில் பல் தடம் ஆழமாகப் பதிந்து எரிந்தால், கடித்திருக்கிறீர்கள், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தாடை மூட்டிலோ பல்லிலோ வலி நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், பயிற்சியால் அதை வெல்ல முயலக் கூடாது. ரீட்டின் கடினத்தைக் குறிக்கும் எண்ணும் இதில் பங்கு வகிக்கிறது. மிகக் கடினமான ரீட் கடிக்கத் தூண்டும், மிக மெல்லியது மேல் சுரங்களில் மூடிக்கொள்ளும். தொடக்க நிலையில் உள்ள பெரும்பாலோருக்கு 2 அல்லது 2.5 பொருந்தும். மூன்று நான்கு ரீட்டுகளை முறைவைத்து மாற்றிப் பயன்படுத்துங்கள்.

வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்த கைப்பேசியில் உங்கள் வாசிப்பைப் பதிவு செய்யுங்கள். மேற்பற்கள் மவுத்பீஸில் அமர்ந்திருப்பதால் அதிர்வு எலும்பின் வழியாகவும் நம் காதை அடைகிறது. எனவே நமக்குக் கேட்கும் தொனியும் எதிரில் இருப்பவர் கேட்கும் தொனியும் ஒன்றல்ல. பதிவுக்கு வேகமான பாடம் எதுவும் வேண்டாம். நன்கு தெரிந்த, மெதுவான ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அது மேலே ஏறும் இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். அங்கே ஒலி மெலிந்தால் அந்த ஒரு சுரத்தை மட்டும் தனியே எடுத்து, மறுநாள் கார்வைப் பயிற்சியை அதிலிருந்தே தொடங்குங்கள்.