லேன் கேபிளும் வைஃபையும் ஒரே லேப்டாப்பில்: முன்னுரிமையை அமைக்கும் முறை

லேன் கேபிளைச் செருகியவுடன் வைஃபை தானாகவே துண்டிக்கப்பட்டுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். சில அலுவலக லேப்டாப்களில் பயாஸ் (கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பு அவ்வாறு செய்வதுண்டு. மற்றவற்றில் இரண்டு இணைப்புகளும் ஒரே நேரத்தில் இயங்கிக்கொண்டிருக்கும். தரவு எந்த வழியில் செல்ல வேண்டும் என்பதை ‘மெட்ரிக்’ என்னும் எண் தீர்மானிக்கிறது. எண் குறைந்த இணைப்புக்கே முதலிடம். விண்டோஸ் இணைப்பின் வேகத்தைப் பார்த்து இந்த எண்ணைத் தானே இட்டுக்கொள்வதால் வழக்கமாகக் கேபிளே முந்தும் என்றாலும், கேபிள் பழுதாகி வேகம் இறங்கினால் வரிசை மாறவும் கூடும். இரண்டும் ஒரே ரௌட்டரிலிருந்து வரும்போது வேகம் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்ப்பது வீண்.

ஆகவே அமைப்புகளை மாற்றுவதற்கு முன் கேபிளைச் சோதித்துவிடுவதே முறை. கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருக்களிலோ குடியிருப்பவர்களுக்கு இது மிகவும் பொருந்தும், ஏனெனில் உப்புக்காற்று கனெக்டரை விட்டுவைப்பதில்லை. ஜன்னலோரமாக வரும் கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பொன்னிறமாக இருக்க வேண்டிய எட்டுத் தகடுகளில் ஓரிரண்டு பச்சை பூத்திருப்பது தெரியவரும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் நன்றாக இருக்க வேண்டும். அதனால்தான் மற்ற இரண்டு ஜோடிகளுக்குரிய தகடு ஒன்று கெட்டால் பெரும்பாலும் இணையம் நிற்காமல் வேகம் மட்டும் இறங்கி, பழி சேவை நிறுவனத்தின் மேல் விழுகிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் & இன்டர்நெட்’, அதற்குள் ‘ஈதர்நெட்’ (கேபிள் இணைப்பு) பகுதியைத் திறந்தால் ‘லிங்க் ஸ்பீட்’ காணக் கிடைக்கும். அங்கே 1000 என்பதற்குப் பதிலாக 100 என்றிருந்தால் கேபிளையோ, ரௌட்டரின் போர்ட்டையோ, மலிவான யுஎஸ்பி அடாப்டரையோ சந்தேகிக்கலாம். தகட்டைக் கத்தியால் சுரண்டினால் மேல்பூச்சு போய்விடும். முனையை வெட்டிவிட்டுப் புதிய ஆர்ஜே45 கனெக்டரைக் கிரிம்ப் செய்வதே (கருவியால் அழுத்திப் பொருத்துவதே) நல்லது.

இனி முன்னுரிமை. விண்டோஸ் 11-இல் ‘அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்’ பகுதியில் ஈதர்நெட்டை விரித்து, ‘மோர் அடாப்டர் ஆப்ஷன்ஸ்’ எதிரேயுள்ள ‘எடிட்’ பொத்தானை அழுத்த வேண்டும். வரும் பட்டியலில் ஐபிவி4-ஐ (இணைய முகவரி முறையின் பழைய வடிவம்) தேர்ந்தெடுத்து, ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘அட்வான்ஸ்டு’ என்று உள்ளே சென்று, ‘ஆட்டோமேட்டிக் மெட்ரிக்’ குறியை எடுத்துவிட்டு 10 என்று இடவும். வைஃபைக்கும் இதே வழியில் சென்று 50 என்று இடலாம். அதன் புதிய வடிவமான ஐபிவி6-க்குத் தனி மெட்ரிக் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்று நம் ஊரில் பல இணைப்புகளில் ஐபிவி6 புழக்கத்தில் இருப்பதால், அங்கும் அதே எண்களை இடாவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மேக்கில் நெட்வொர்க் பக்கத்திலுள்ள ‘செட் சர்வீஸ் ஆர்டர்’ மூலம் ஈதர்நெட்டை மேலே இழுத்து வைத்தால் போதும். இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் உள்ள லினக்ஸில் மெட்ரிக் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்றே இயல்பாக இருப்பதால் பெரும்பாலும் எதையும் தொட வேண்டியதில்லை.

வைஃபையை மட்டுமே நம்பியிருக்கும் அறைகளில் அலைவரிசையைக் கவனிக்க வேண்டும். புதுச்சேரியின் பழைய வீடுகளிலுள்ள தடித்த சுண்ணாம்புச் சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் எளிதில் தாண்டாது. ரௌட்டர் இருக்கும் அறைக்கு அதையும், அடுத்த அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸையும் வைத்துக்கொள்ளலாம். 2.4-இல் ஒன்றின் மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே என்பதால், அக்கம்பக்கத்து வீடுகள் அதிகம் பயன்படுத்தாததைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி நெருங்கும்போது லேன் கேபிளை லேப்டாப்பிலிருந்து கழற்றிவிட்டு வைஃபைக்கு மாறுவது பாதுகாப்பானது, ஏனெனில் மாடியிலிருந்து இறங்கும் நீண்ட செப்புக் கம்பி மின்னழுத்தத்தை நேரே போர்ட்டுக்குள் கொண்டுவரக்கூடும். மின்சாரம் போய் ரௌட்டரும் அணைந்தால் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் கைகொடுக்கும். அப்போது அந்த இணைப்பின் பண்புகளில் ‘மீட்டர்டு கனெக்ஷன்’ என்பதை இயக்கிவிட்டால், விண்டோஸ் அப்டேட்டின் பெரும்பாலான தரவிறக்கங்கள் காத்திருக்கும். அந்த அமைப்பு ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டுமே உரியது என்பதால், ரௌட்டர் திரும்பி வந்ததும் எதையும் மாற்ற வேண்டியிராது.