பிடிபலம், கதிரை, நடை: ஆய்வுக்காக அளக்கத் தொடங்குபவர்களுக்கு

இயன்மருத்துவ ஆய்வுக்கு முதன்முதலாகத் தரவு சேர்க்கப் போகிறவர்கள் எந்தக் கருவி வாங்குவது என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன் தீர்மானிக்க வேண்டியவை மூன்று: எந்தக் கதிரை, எந்த உடல்நிலை, எந்தச் சொற்கள். இவற்றில் ஒன்று மாறினாலும், தசை மாறாமலே எண் மாறிவிடும்.

பலமும் செயற்பாடும் வேறு வேறு. முழங்கால் தசை பலப்பட்டவர் படியேறுவதிலும் தேறியிருப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே இரண்டிலும் குறைந்தது ஒவ்வொரு சோதனை வையுங்கள். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் பங்குபற்றுபவரின் எழுத்துமூலச் சம்மதமும் கிடைத்த பிறகே கருவியைத் தொடலாம்.

பிடிபலம்

ஆளைக் கதிரையில் நிமிர்ந்து இருக்கச் சொல்லுங்கள். பாதங்கள் தரையில், மேற்கை உடம்போடு ஒட்டி, முழங்கை 90 பாகை மடிந்து, பெருவிரல் மேலே பார்த்தபடி. மணிக்கட்டு 0 முதல் 30 பாகை வரை பின்பக்கம் வளைந்திருக்கலாம். கருவி ஜமார் டைனமோமீற்றர் (கை இறுக்கும் விசையைக் காட்டும், பிடியின் அகலத்தை மாற்றக்கூடிய கருவி) என்றால் பிடியை இரண்டாம் நிலையில் பூட்டுங்கள். மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள்.

சொல்லும் சொற்களை எழுதிவைத்து எல்லாருக்கும் அப்படியே சொல்லுங்கள்: "ஐயா, இறுக்குங்கோ, இன்னும் இறுக்குங்கோ, விடுங்கோ." ஒருவருக்கு உற்சாகமாகவும் அடுத்தவருக்குக் களைத்த குரலிலும் சொன்னால் அந்த வித்தியாசமும் தரவுக்குள் போய்விடும். 3 முதல் 5 செக்கன் பிடித்தால் காணும். கைகளை மாற்றி மாற்றி, ஒவ்வொரு கையிலும் மூன்று முறை, இடையில் ஒரு நிமிட ஓய்வு. மூச்சை அடக்க விடாதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் இது முக்கியம். சராசரியா, உச்ச அளவா என்பதைத் தரவு சேர்க்க முன்னரே முடிவெடுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, உச்ச அளவைக் காட்டி நிற்கும் ஊசியைப் பூச்சியத்துக்குத் திருப்ப மறப்பது. இரண்டாம் முறை குறைவாக இறுக்கினாலும் ஊசி பழைய இடத்திலேயே நிற்கும். படிவத்தில் 24, 24, 24 என்று இருந்தால் முதலில் ஊசியைச் சந்தேகியுங்கள். முகப்பில் கிலோவும் இறாத்தலும் இரண்டும் உண்டு. எதை வாசிப்பது என்று குழு முழுவதும் ஒரே முடிவில் இருக்க வேண்டும்.

கதிரையில் இருந்து எழும்புதல்

30 செக்கன் சோதனைக்குக் கைப்பிடி இல்லாத, இருக்கை 43 சென்ரிமீற்றர் உயரமான கதிரை வேண்டும். வீடுகளில் உள்ள பிளாஸ்ரிக் கதிரை சரிவராது. இருக்கை வளையும், கைப்பிடி இருக்கும், மினுக்கிய சீமெந்துத் தரையில் கால்கள் வழுக்கும். மரக்கதிரை ஒன்றைச் சுவரோடு அணைத்து வையுங்கள். வீடு வீடாகப் போவதானால் அதே கதிரையைக் கொண்டு திரியுங்கள்.

கைகள் நெஞ்சுக்குக் குறுக்கே. ஒருமுறை பழக்கிவிட்டு, "தொடங்குங்கோ" என்றதும் நேரத்தை ஓடவிடுங்கள். முழுதாக நிமிர்ந்தால்தான் ஒன்று. நேரம் முடியும்போது பாதிக்கு மேல் எழும்பியிருந்தால் அதையும் சேர்க்கலாம். கையை ஊன்றினால் மதிப்பெண் 0. சாரமோ சேலையோ காலில் தடக்காதபடி சரிசெய்து, நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். ஐந்து முறை எழும்ப எடுக்கும் நேரத்தை அளப்பது வேறொரு சோதனை. இரண்டின் எண்களையும் கலக்கக் கூடாது.

நடைவேகம்

விறாந்தையில் 10 மீற்றர் அடையாளமிட்டு, நடுவிலுள்ள 6 மீற்றருக்கு மட்டும் நேரம் எடுங்கள். வேகம் பிடிக்கவும் குறைக்கவும் இரு பக்கமும் 2 மீற்றர் வேண்டும். 6 மீற்றரை 7.5 செக்கனில் கடந்தால் வேகம் செக்கனுக்கு 0.8 மீற்றர். முதல் நாள் செருப்போடு நடந்தவர் மறுமுறையும் செருப்போடுதான். வேளையும் மாறக் கூடாது. சித்திரை வெயிலில் நண்பகல் நடையும் காலை நடையும் ஒன்றல்ல.

முழங்கால் நீட்டும் பலம்

கால் தள்ளும் விசையை அளக்கும் கையடக்க டைனமோமீற்றரைக் கையால் பிடித்தால், பலமான காலுக்கு முன் அளப்பவரின் கைதான் தோற்கும். அப்போது பதிவாவது உங்கள் பலம். கருவியைப் பட்டியால் கட்டில் காலோடு கட்டுங்கள். முழங்கால் மூட்டிலிருந்து கருவி படும் இடம் வரையான தூரத்தையும் அளந்து, கருவி காட்டும் விசையோடு பெருக்குங்கள்: 180 நியூட்டன், 0.30 மீற்றர் என்றால் 54 நியூட்டன் மீற்றர்.

எண்ணை வாசித்தல்

தசையிழப்புக்கான ஆசியக் குழுவின் 2019 வரையறையில் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்த பிடிபலம் பலவீனம். ஐரோப்பியக் குழுவின் எல்லைகள் 27, 16. எங்கள் ஆட்களுக்கு ஆசிய எல்லையே பொருத்தமாகத் தெரிகிறது. எதை எடுத்தாலும் பெயரைச் சொல்லி எழுதுங்கள்.

கடைசியாக, ஆய்வு தொடங்க முன் ஒரு சிறு குழுவைச் சில நாள் இடைவெளியில் இருமுறை அளந்து, இரு அளவீடுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நம்பகக் குணகத்தைக் கணியுங்கள். நியம விலகல் 6 கிலோ, குணகம் 0.91 என்று வைத்தால், 6 ஐ (1 − 0.91) இன் வர்க்கமூலத்தால் பெருக்க 1.8 கிலோ அளவீட்டு வழு வரும். அதை 2.77 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5 கிலோ; இதற்குக் குறைந்த மாற்றம் அளவீட்டு வழுவாலேயே வரலாம். அப்படியானால் ஒருவரின் பிடிபலம் 3 கிலோ கூடியதைச் சிகிச்சையின் பலன் என்று எழுத முடியாது.