ஒரு கேமுக்கு ‘ரோக்லைக்’ டேக் போடும் முன்

1980-இல் வந்த ‘ரோக்’ கேமின் வழியில் வந்தவைதான் ரோக்லைக். இப்போதோ செத்தால் முதலிலிருந்து ஆடவேண்டிய எதற்கும் இந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். கேம் விற்கும் தளமான ஸ்டீமில் அந்த டேக்கைத் தட்டினால் சீட்டாட்டமும் வரும், துப்பாக்கிச் சண்டையும் வரும்.

நான்கைப் பாருங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வரைபடம் புதிதாக உருவாகிறதா? செத்தால் அந்த ஆட்டத்தின் சேவ் அழிகிறதா (பெர்மாடெத்)? நீங்கள் ஓர் அடி வைத்தால்தான் எதிரியும் நகர்கிறானா (டர்ன் பேஸ்டு)? நகர்வது கட்டம் கட்டமாகவா? 2008-இல் பெர்லினில் வகுத்த வரையறையில் இவை நான்கும் உண்டு. பெரும்பாலானவை மூன்றாவதில்தான் கோட்டைவிடும்.

முதல் இரண்டு மட்டும் ஓரளவு தேறினால் ‘ரோக்லைட்’ என்று போடுங்கள். ‘ஹேடிஸ்’ அந்த ரகம்: அறைகளின் வரிசை மாறும், ஆனால் செத்துத் திரும்பினாலும் சேர்த்த ‘டார்க்னெஸ்’ என்ற கேம் நாணயம் கையிலேயே இருக்கும், அதைக் கேமுக்குள் இருக்கும் ஒரு கண்ணாடியில் செலவழித்து நிரந்தர பலம் வாங்கலாம். ரோக்கில் அடுத்த ஆட்டத்துக்கு மிஞ்சுவது உங்கள் அனுபவம் மட்டுமே.

அதற்காக வரையறையை வேதமாக்க வேண்டாம். ஒன்றிரண்டு குறைந்தாலே ரோக்லைக் இல்லை என்று ஆகிவிடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

பரிந்துரை கேட்கும்போது மட்டும் டேக்கை நம்பாதீர்கள். ‘டர்ன் பேஸ்டு, பெர்மாடெத், நிரந்தர அப்கிரேட் கூடாது’ என்று நேராகக் கேளுங்கள்.