'மிட்டிகேட்' என்றால் வெறும் 'குறை' இல்லை

என் பழைய நோட்டில் இடது பக்கம் 'மிட்டிகேட்', வலது பக்கம் 'குறை, தணி' என்று இருக்கிறது. அதை மனப்பாடம் செய்த சூட்டோடு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி ஒன்றில் 'உடல் எடையை ஐந்து கிலோ மிட்டிகேட் செய்தேன்' என்று எழுதினேன். திருத்தியவர் அந்தச் சொல்லை வட்டமிட்டு, ஓரத்தில் 'எடை என்ன குற்றம் செய்தது?' என்று கேட்டிருந்தார். கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்தச் சொல்லின் பாதிப் பொருளை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்பது வெகுநாள் கழித்தே உறைத்தது.

இலத்தீனில் 'மிட்டிஸ்' என்றால் மென்மையானது. அந்த வேரிலிருந்து வந்த சொல் என்பதால், மிட்டிகேட் குறைப்பது அளவை அல்ல, கடுமையை. விலை, எடை, வேகம், எண்ணிக்கை எல்லாம் 'ரெட்யூஸ்' ஆகும், மிட்டிகேட் ஆகாது. மிட்டிகேட்டோடு சேர்ந்து வரும் சொற்களைப் பாருங்கள்: ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட், லாஸ். எல்லாமே கெட்டவை. நல்லதையோ, நல்லதும் கெட்டதும் அல்லாத ஒன்றையோ யாரும் மிட்டிகேட் செய்வதில்லை.

அடுத்த தவறு இதைவிட நுட்பமானது. 'தடு', 'நீக்கு' என்ற பொருளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். 'இந்தப் பிரச்சினையை முழுமையாக மிட்டிகேட் செய்துவிட்டோம், இனி வராது' என்பது அலுவலக மின்னஞ்சல்களில் நான் அடிக்கடி பார்க்கும் வாக்கியம். இனி வராது என்றால் அது 'எலிமினேட்'. மிட்டிகேட் என்ற இடத்தில் கெட்டது அப்படியே இருக்கிறது, அதன் பல்தான் பிடுங்கப்பட்டிருக்கிறது. காரில் போடும் சீட் பெல்ட் விபத்தைத் தடுப்பதில்லை. விபத்து நடந்தால் காயத்தின் கடுமையைக் குறைக்கிறது. அதுதான் மிட்டிகேட்.

கணினித் துறையில் இதற்கு அருமையான உதாரணம் உண்டு. 2018 ஜனவரியில் 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' என்ற இரண்டு பாதுகாப்புக் குறைகள் வெளியே வந்தன. குறை இருந்தது புராசசரின் வடிவமைப்பிலேயே. கோடிக்கணக்கான கணினிகளில் ஏற்கெனவே பொருத்தப்பட்ட சிப்பை யாராலும் திருத்த முடியாது. அதனால் அந்தக் குறையைப் பயன்படுத்தி நினைவகத்திலிருந்து ரகசியத் தகவல்களைத் திருடுவதைக் கடினமாக்கும் மென்பொருள் மாற்றங்களை வெளியிட்டார்கள். அவற்றால் சில வேலைகளில் கணினியின் வேகமும் கொஞ்சம் அடிவாங்கியது. பொறியாளர்கள் அந்த மாற்றங்களுக்கு வைத்த பெயர் 'மிட்டிகேஷன்'. 'ஃபிக்ஸ்' என்று சொல்லாமல் இந்தச் சொல்லை எடுத்ததில் ஒரு நேர்மை இருக்கிறது: ஓட்டை இன்னும் இருக்கிறது, அதன் வழியே வரக்கூடிய ஆபத்தை மட்டும் சுருக்கியிருக்கிறோம் என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

தமிழில் யோசிப்பவர்களுக்கென்றே இரண்டு குழிகள் இருக்கின்றன. 'தணி' என்ற நம் சொல் மிகத் தாராளமானது. தாகம் தணியும், கோபம் தணியும், சூடு தணியும், விரகம்கூடத் தணியும். ஆங்கிலம் இவற்றைத் தனித்தனி வினைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டது. தாகத்துக்கு 'க்வென்ச்', கோபத்தில் இருப்பவரைச் சமாதானப்படுத்த 'பாசிஃபை' அல்லது 'ப்ளகேட்'. வலிக்குப் பெரும்பாலும் 'அலீவியேட்'. தண்ணீர் குடித்துத் தாகத்தை மிட்டிகேட் செய்தேன் என்றால் இலக்கணம் சரியாகத்தான் இருக்கும், கேட்பவர்தான் சிரிப்பார்.

இரண்டாவது குழி 'தணிந்தது', 'தணித்தது' என்ற வேறுபாடு. நம்மிடம் தன்வினை, பிறவினை இரண்டும் உண்டு. புயலின் பாதிப்பு தணிந்தது என்றும் சொல்வோம், கரையோரக் காடுகள் பாதிப்பைத் தணித்தன என்றும் சொல்வோம். இன்றைய ஆங்கிலத்தில் மிட்டிகேட் பிறவினையாக மட்டும்தான் புழங்குகிறது. 'த பெயின் மிட்டிகேட்டட்' என்று நிறுத்தினால் எது எதைத் தணித்தது என்ற கேள்வி அந்தரத்தில் தொங்கும். தானாகக் குறைவதைச் சொல்ல 'சப்சைட்', 'ஈஸ்' போன்ற சொற்கள் இருக்கின்றன.

ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் விழும் இடம் 'மிட்டிகேட் அகெய்ன்ஸ்ட்'. அவர்கள் சொல்ல வந்தது 'மிலிடேட் அகெய்ன்ஸ்ட்'. அது போர்வீரனைக் குறிக்கும் 'மீலெஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது, 'மிலிட்டரி'யின் உறவுக்காரன். ஒன்றுக்கு எதிராக வேலை செய்வது, அதற்குக் குறுக்கே நிற்பது என்று பொருள். அவருடைய அனுபவக் குறைவு பதவி உயர்வுக்கு எதிராக மிலிடேட் செய்யும். மிட்டிகேட்டுக்கு 'அகெய்ன்ஸ்ட்' தேவையே இல்லை, நேராகச் செயப்படுபொருளோடு ஒட்டிக்கொள்ளும். 'மிட்டிகேட் அகெய்ன்ஸ்ட்' என்று நானும் ஓர் அறிக்கையில் எழுதியிருக்கிறேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருந்தால் நல்லது, அடுத்த இரண்டு அறிக்கைகளாவது தப்பித்திருக்கும்.

சட்டத்தில் 'மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டான்சஸ்' என்பதை நிரபராதி என்பதற்கான காரணங்கள் என்று புரிந்துகொள்வதும் உண்டு. தற்காப்புக்காகத் தாக்கினார் என்று நிரூபணமானால் பொதுவாகக் குற்றமே இல்லாமல் போகும்; அது வேறு கணக்கு. மிட்டிகேட்டிங் சூழ்நிலை என்பது குற்றம் உறுதியான பிறகு பேசப்படுவது. இளம் வயது, முதல் குற்றம், மனம் வருந்தியது போன்றவை தண்டனையின் கடுமையைக் குறைக்கலாம். குற்றம் குற்றமாகவே இருக்கும். இங்கேயும் அதே பொருள்தான், கெட்டது போய்விடவில்லை.

ஒரு துறையில் கற்ற பொருளை இன்னொரு துறைக்கு எடுத்துப்போகும் தவறில்தான் கெட்டிக்காரர்களும் மாட்டுகிறார்கள். பேரிடர் மேலாண்மையில் கடலோரத்தில் தடுப்புச்சுவர் கட்டுவது மிட்டிகேஷன். பருவநிலை மாற்றம் பற்றிய ஆவணத்தில் அதே சுவர் மிட்டிகேஷன் ஆகாது, 'அடாப்டேஷன்' ஆகிவிடும். அங்கே மிட்டிகேஷன் என்றால் பசுங்குடில் வாயுக்கள் வெளியேறுவதைக் குறைப்பது, அல்லது காடு வளர்ப்பதுபோல் அவற்றை உறிஞ்சும் வழிகளைப் பெருக்குவது. பருவநிலை மாற்றம் பற்றிய அறிவியலை மதிப்பிட 1988-இல் தொடங்கப்பட்ட சர்வதேசக் குழுவான ஐபிசிசி அமைப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பணிக்குழுக்களே இருக்கின்றன. தணிப்பு மூன்றாவது குழுவின் பொறுப்பு. ஐ.நா.வின் பேரிடர் குறைப்பு அமைப்பு 2009-இல் வெளியிட்ட கலைச்சொல் தொகுப்பில், பருவநிலைக் கொள்கையில் இந்தச் சொல் வேறு பொருளில் வருகிறது என்று தனியாகக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. தேர்வுக்குப் படிப்பவர்கள் கேள்வித்தாள் எந்தப் பாடத்துக்கானது என்று பார்த்துவிட்டுப் பதில் எழுதுவது உத்தமம்.

உச்சரிப்பில் அதிகச் சிக்கல் இல்லை. அழுத்தம் முதல் அசையில், 'மி'யில் விழ வேண்டும். 'கேட்'டில் ஓங்கி அடித்தால் செயற்கையாக இருக்கும்.

'அன்மிட்டிகேட்டட்' என்ற சொல்லைப் பார்த்தால் மட்டும் அகராதியை மறுபடி திறந்துவிடுங்கள். 'இன்னும் தணிக்கப்படாத' என்ற நேர்ப்பொருளில் அது வருவதும் உண்டு, ஆனால் அன்றாடப் பேச்சில் அதன் வேலை வேறு. 'அன்மிட்டிகேட்டட் டிசாஸ்டர்' என்றால் ஆறுதலாகச் சொல்ல ஒன்றுகூட இல்லாத, முழுக்க முழுக்கப் படுதோல்வி. நம் பேச்சில் 'சுத்த வேஸ்ட்' என்கிறோமே, அதில் வரும் 'சுத்த'தான் அது.