தார்ப்பாயோடு கயிறும் வாங்குங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. வெளியூர்களிலிருந்து லாரி லாரியாக அரிசி, போர்வை, பழைய துணி எல்லாம் வந்தன. மெயின் ரோட்டுக்காரர்களுக்கு இரண்டு முறை கிடைத்தது, உள்ளே இருந்த ஊர்களுக்கு ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. கூரை பறந்த வீட்டுக்காரர்கள் கேட்டது தார்ப்பாய். ஆனால் புயலுக்கு மறுநாள் கடைக்குப் போனால் தார்ப்பாய் இருக்காது, இருந்தாலும் கடைக்காரர் சொன்னதுதான் விலை.

நிவாரண அமைப்புகள் செய்யும் முதல் தவறு இதுதான்: பேரிடர் வந்த பிறகு உண்டியலைத் தூக்குவது. தங்குமிடத்துக்கான பணம் புயலுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும், பொருள் கிடங்கில் இருக்க வேண்டும். பிரிட்டனின் கார்ன்வால் பகுதியில் ஒரு ரோட்டரி சங்கம் 2000-ல் தொடங்கிய ஷெல்டர்பாக்ஸ் இப்படித்தான் வளர்ந்தது. கூடாரம், போர்வை, கருவிகள் அடங்கிய ஒரு பெட்டிக்கு ஆகும் செலவை ஒருவர் ஏற்றுக்கொள்வார். அது யாருக்குப் போகும் என்று அவருக்கு அப்போது தெரியாது. முதல் பெட்டிகள் போனது 2001 குஜராத் நிலநடுக்கத்துக்கு.

அடுத்தது, "இதற்கு மட்டும்தான்" என்று பணத்தைக் கட்டிப்போடுவது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு சில நாட்களிலேயே, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, சுனாமிக்கென்று இனிப் பணம் வேண்டாம், எங்கள் வேலைக்குத் தேவையானது வந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னது. பலருக்கு அது அதிர்ச்சி. எனக்கு அதுதான் நேர்மை என்று படுகிறது. சுனாமிக்கு என்று வாங்கிய பணத்தை வேறொரு வெள்ளத்துக்கு எடுக்க முடியாது. ஆகவே வேண்டுகோளிலேயே "இதற்குப் போக மீதி அடுத்த பேரிடருக்கு" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர் அனுப்பும் நன்கொடை, அவர் நம் மாமாவாகவே இருந்தாலும், வெளிநாட்டுப் பணம்தான். எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதைத் தொடக்கூடாது. பதிவு உள்ள அமைப்பு வாங்கி இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கலாமே என்றால், 2020 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் முடியாது.

சரி, பணம் வந்துவிட்டது. கடையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய நீலப் பாயை நூறு வாங்கிக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம். வெயிலைத் தாங்கும் பூச்சு இல்லாத பாய் நம் ஊர் வெயிலில் சில வாரங்களில் மொறமொறவென்று உதிர ஆரம்பித்துவிடும். அதற்கு முன்பே, கயிறு கட்டும் வளையம் ஒரே காற்றில் கிழிந்து கையோடு வந்துவிடும். செஞ்சிலுவைச் சங்கம் தரும் பாய் 4 மீட்டருக்கு 6 மீட்டர். நெய்த இழையின் இரு பக்கமும் பூச்சு, வளையம் வரும் இடத்தில் தனியாக வலுவான பட்டை. அதோடு கயிறும் ஆணியும் போகும். வெறும் பாயை மட்டும் கொடுத்தால், மரமெல்லாம் விழுந்து கிடக்கும் ஊரில் அதை எதில் கட்டுவது?

இதைவிடப் பெரிய தவறு ஒரு சொல்லில் இருக்கிறது: தற்காலிகம். சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் தார் ஷீட்டால் வரிசை வரிசையாக வீடு போட்டார்கள். சில மாதத்துக்குத்தானே என்று போட்டதில் பலர் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார்கள். பகலில் உள்ளே உட்கார முடியாத சூடு. 2005 ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வான இடங்களில் தண்ணீர் நின்றது. திருவொற்றியூர் கார்கில் நகரில் அதே ஆண்டு தீப்பிடித்து வரிசையாக எரிந்தது. தாரும் கூரையும் அடுப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் வேறென்ன நடக்கும்?

உலக அளவில் நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் கையேட்டில் இதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர், அதில் சமையல் இடம் சேராது. ஐந்து பேர் குடும்பத்துக்கு 17.5 வருகிறது. வீட்டுக்கு வீடு குறைந்தது 2 மீட்டர், தீ பரவாமல் இருக்க 300 மீட்டருக்கு ஒரு தரம் 30 மீட்டர் வெற்றிடம். இடம் போதவில்லை என்று சொல்லி முதலில் வெட்டுவது இந்த வெற்றிடத்தைத்தான்.

நிலம் யாருடையது என்று கேட்காமல் தொடங்குவதும் நடக்கிறது. இலங்கையில் சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் வரை திரும்பக் கட்டக்கூடாது என்று அரசு சொன்னது. பின்னால் தளர்த்தினார்கள். அதுவரை கையில் பணம் இருந்தும் நிரந்தர வீடு கட்ட இடம் இல்லாமல் குடும்பங்கள் கொட்டகையிலேயே காத்திருந்தன.

கடைசியாக, பட்டியல். இடிந்த வீட்டின் சொந்தக்காரர் பெயரைக் கிராமத்தில் எல்லோரும் சொல்வார்கள். அதே வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தவர் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். அவருக்கு வேண்டியது கூடாரமாகக்கூட இருக்காது. பக்கத்து ஊரில் மூன்று மாத வாடகையும் முன்பணமும் கொடுத்தால் போதும், நிவாரண முகாமாக இருக்கும் பள்ளிக்கூடத்தை விட்டு மறுநாளே கிளம்பிவிடுவார். ஆனால் நம் பட்டியல் படிவத்தில் "பட்டா எண்" என்று ஒரு கட்டம் இருக்கிறது, அவரிடம் அதில் எழுத எதுவும் இல்லை.