கேம் கடைகள் மூடப்படும்போது நாம் தப்பாகப் போடும் கணக்கு

அமெரிக்காவின் பெரிய வீடியோ கேம் கடைத்தொடரான கேம்ஸ்டாப், 2024 நிதியாண்டில் அந்த நாட்டில் மட்டும் 590 கடைகளை மூடியது. புதுச்சேரியில் கேம் விளையாடும் பிள்ளைகளிடம் காரணம் கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "இப்போது யார் டிஸ்க் வாங்குகிறார்கள்?" நேரு வீதிக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. கடை மூடப்பட்டது என்றால் முதலில் ஐந்தொகையைத் தேடும் புத்தி எனக்கு. ஒற்றைக் காரணத்தைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டு எழுந்து போகிறவர்களைக் கண்டால் சற்று எரிச்சலாகவே இருக்கிறது.

எல்லோரும் கேமை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதால் டிஸ்க் போனது, அதனால் கடை போனது என்பது பொய் இல்லை, அரைகுறை. எந்த டிஸ்க் போனது என்று கேட்க வேண்டும். மிஷன் வீதியை ஒட்டிய சந்தில் பழைய கேம் வாங்கி விற்கும் ஒருவர் இருக்கிறார். யாராவது டிஸ்க் கொண்டுவந்தால் குழல்விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்ப்பார், அடிப்பக்கத்தில் நகத்தை மெல்ல ஓட்டுவார். கீறல் ஆழமில்லை என்றால் 600 ரூபாயை எடுத்து நீட்டுவார். கொண்டுவந்த பையன் படி இறங்குவதற்குள் அதன் மேல் 1,000 ரூபாய் ஸ்டிக்கர் ஏறிவிடும். 4,999 ரூபாய் விலை போட்ட புதிய கேமை விற்றாலும் அவ்வளவு லாபம் நிற்பதில்லை. "புதியது கண்ணாடி அலமாரிக்கு, பழையது கல்லாவுக்கு, சார்" என்பார்.

கேம்ஸ்டாப்பின் பிழைப்பும் இதுதான். பழைய கேம்களில் அதற்கு நூற்றுக்கு 40க்கு மேல் லாபம் நின்ற காலம் உண்டு. புதியதில் அதில் பாதிதான். பதிவிறக்கிய கேமை யாரும் திருப்பி விற்க முடியாது என்பதால், முதலில் வற்றியது இந்த ஊற்று. இதை வாடிக்கையாளரின் ரசனை மாற்றம் என்று மட்டும் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. பழைய டிஸ்க் கைமாறினால் கேம் ஓட்டும் கருவியைச் செய்யும் நிறுவனத்துக்குச் சல்லிக்காசு கிடைக்காது. தன் இணையக் கடையில் விற்றாலோ மற்றவர்களின் கேமில்கூட வழக்கமாக 30 சதவீதம் கமிஷன். மைக்ரோசாஃப்ட் 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியில் பழைய கேம் விற்பனைக்குக் கடிவாளம் போடப் பார்த்து, எதிர்ப்பு வலுத்ததும் ஜூன் மாதமே பின்வாங்கியது. சோனி சத்தம் போடவில்லை. 2020இல் டிஸ்க் போட இடமே இல்லாத பிளேஸ்டேஷன் 5 ஒன்றையும் சேர்த்து விற்றது. 2024இல் வந்த விலை கூடிய ப்ரோ மாடலில் டிஸ்க் டிரைவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்ட வேண்டும்.

அடுத்த தவறுதான் பெரியது. கடையை மூடினால் நிறுவனம் நஷ்டத்தில் இருக்கிறது என்றும், லாபம் காட்டினால் கடைகள் தேறிவிட்டன என்றும் எண்ணுவது. 590 கடைகளை மூடிய அதே ஆண்டில் கேம்ஸ்டாப் காட்டிய நிகர லாபம் சுமார் 13 கோடி டாலர். அதற்கு முந்தைய ஆண்டு வெறும் 67 லட்சம் டாலர். விற்பனையோ 527 கோடி டாலரிலிருந்து 382 கோடிக்கு இறங்கியிருந்தது. விற்பனை சரிய லாபம் ஏறுவது எப்படி? கணக்கில் ஒரு வரி கீழே போனால் தெரியும். வியாபாரத்தில் அந்த ஆண்டும் 2.6 கோடி டாலர் நஷ்டம். கையிருப்புப் பணத்துக்கு வந்த வட்டி 16 கோடி டாலருக்கு மேல். ஆக, லாபம் கடையிலிருந்து வரவில்லை.

சரி, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? 2021 ஜனவரியில் சிறு முதலீட்டாளர்கள் கூட்டமாகச் சேர்ந்து இந்தப் பங்கை ஏற்றியதும், விலை வீழும் என்று பந்தயம் கட்டிய பெரிய நிதி நிறுவனங்கள் கையைச் சுட்டுக்கொண்டதும் பலருக்கு நினைவிருக்கும். 2024 மே, ஜூனில் அந்த ஜுரம் திரும்பவும் அடித்தது. விலை ஏறிய சூட்டோடு நிறுவனம் புதிய பங்குகளை அச்சடித்து விற்று, அந்த ஆண்டில் 340 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 2025 மே மாதம் 4,710 பிட்காயின் வாங்கியதாகவும் அறிவித்தது. நிலத்தைத் தரிசு போட்டுவிட்டு வட்டிக்கு விட்டுப் பிழைக்கும் மிராசுதாரருக்கு நடவு ஆட்கள் எதற்கு? 2023 செப்டம்பரில் தலைமைச் செயல் அதிகாரியான ரயன் கோஹன் முதல் வேலையாகச் சிக்கனத்தைப் பற்றித்தான் ஊழியர்களுக்கு எழுதினார். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பதை அவர் பெருகக் கட்டியதைச் சிறுக்கி வாழ்வது என்று புரிந்துகொண்டார் போலிருக்கிறது. பங்குதாரர் பக்கம் இருந்து பார்த்தால் அதில் குற்றம் சொல்ல முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லா நிறுவனத்துக்கும் இதே நோக்கம் என்று நினைப்பதும் பிழை. டாய்ஸ் ஆர் அஸ் என்ற பொம்மைக் கடைத்தொடரும் வீடியோ கேம் விற்றதுதான். 2005இல் அதை வாங்கிய முதலீட்டு நிறுவனங்கள், அதற்காகப் பட்ட கடனை அந்தத் தொடரின் தலையிலேயே கட்டின. ஆண்டுக்கு 40 கோடி டாலருக்கு மேல் வட்டிக்கே போனது. கூட்டம் இருந்தும் 2018இல் அமெரிக்கக் கடைகள் மூடப்பட்டன, சுமார் 33,000 பேர் வேலை இழந்தார்கள். பிரிட்டனில் கேம் என்ற பெயரிலேயே இருந்த தொடரின் கதை வேறு. 2019இல் அதை வாங்கிய விளையாட்டுப் பொருள் குழுமம், அதைத் தன் பெரிய கடைகளுக்குள் ஒரு மூலையாகச் சுருக்கிக்கொண்டே வந்தது. 2024 பிப்ரவரியில் பழைய கேம் வாங்குவதையும் நிறுத்தியது. கல்லாவுக்கு வந்ததையே நிறுத்தினால் பிறகு எதற்குக் கடை?

ஆள் குறைப்பைக் கடை மூடும் நாளிலிருந்து எண்ணுவது இன்னொரு தவறு. அது வெகு முன்னதாகவே தொடங்கிவிடும். மூன்று பேர் நின்ற இடத்தில் ஒருவர் நிற்பார், அவரும் பகுதி நேரமாக. கேம்ஸ்டாப்பில் சர்க்கிள் ஆஃப் லைஃப் என்று ஒரு திட்டம் இருந்தது. முன்பதிவு, உறுப்பினர் அட்டை, பழைய கேம் விற்பனை, பழையதை வாங்குவது ஆகியவற்றில் ஒவ்வொருவரும் இத்தனை விழுக்காடு காட்ட வேண்டும். புதியதை விற்றால் விழுக்காடு கெடும் என்று, அது இருந்தும் இல்லை எனச் சொல்லி அனுப்பியதாக ஊழியர்களே 2017இல் பத்திரிகையாளரிடம் சொன்னார்கள். கவுன்டரில் நின்றவர் சிடுசிடுத்ததால் கடை போனது என்று எழுதுகிறவர்கள் இதையும் படிக்க வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி பெரிய நிறுவனம் ஓரிடத்தை மூடினால் 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஆனால் அங்கே குறைந்தது 50 பேர் வேலை இழக்க வேண்டும். ஐந்தாறு பேர் நிற்கும் கேம் கடைக்கு அந்தக் கணக்கு எட்டவே எட்டாது. அலுவலகத்திலும் கத்தி விழும்: 1991 முதல் வந்துகொண்டிருந்த, கேம்ஸ்டாப்புக்குச் சொந்தமான கேம் இன்ஃபார்மர் இதழை 2024 ஆகஸ்டில் ஒரே நாளில் நிறுத்தினார்கள். பின்னர் வேறொரு நிறுவனம் அதை வாங்கி, 2025இல் மீண்டும் நடத்தத் தொடங்கியது.

இந்தக் கதையை அப்படியே எடுத்து நம் ஊர்க் கடைகளின் மேல் ஒட்டவும் கூடாது. இங்கே அந்த அளவுக்குக் கேம் கடைத்தொடர் எப்போதும் இருந்ததில்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் காசு கொடுத்து டிஸ்க் வாங்கும் கட்டத்தையே தாண்டி, செல்போனில் இலவச விளையாட்டுக்குப் போனவர்கள். மிஷன் வீதியில் ஒரு கடை மூடினால் கடை வாடகையையும் இணைய விற்பனையையும் முதலில் பாருங்கள்.

ஆனால் செல்போன், எலக்ட்ரானிக்ஸ் ஷோரூம்களில் வேலை பார்ப்பவர்கள் மேலே சொன்னதில் முன்னறிவிப்பு என்ற ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கிளையை மூடும்போது, "ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, அடுத்த இடத்தில் பேர் கெடாமல் இருக்கும்" என்று மேலாளர் கனிவாகக் கேட்பார். எழுதிக் கொடுத்தால் அது தானாக விலகியதாகிவிடும். ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிர்வாகமே நீக்கினால் முன்னறிவிப்பும், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடும் தர வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த 15 நாள் அப்படியே இருக்கிறது. ஐந்தாண்டு முடித்தவருக்குக் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை தனி, அது ராஜினாமா செய்தாலும் கிடைக்கும். இழப்பீட்டுக்குப் பதிலாகத்தான் கிராஜுவிட்டி என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.